பூனைக்கு ஒரு வாசல்

பூனை வளர்க்கும் வீட்டில் கதவு ஒரு தீராத வழக்கு. ராத்திரி ஏசி போட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில் கதவைச் சுரண்டும். எழுந்து திறந்துவிட்டால் உடனே போகாது; நிலைப்படியில் நின்று வெளியே ஒரு பார்வை, உள்ளே ஒரு பார்வை. போனதும் மூடினால் பத்து நிமிஷத்தில் அந்தப் பக்கமிருந்து சுரண்டல். இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் பலர் கதவை ஒருக்களித்தே வைத்துவிடுகிறார்கள். குளிர் வெளியே போகிறது, கொசு உள்ளே வருகிறது. கதவின் அடிப்பக்கம் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு, முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு மடலை மாட்டிவிட்டால் இந்த வழக்கு அன்றோடு முடிந்துவிடும். பூனை தன் இஷ்டத்துக்குப் போகும், வரும். நாம் தூங்கலாம்.

கருவி மிக எளியது. பிளாஸ்டிக் சட்டம் ஒன்று. அதன் மேல்விளிம்பில் கீல். கீலில் தொங்கும் மடல். மடலின் கீழ்விளிம்பில் சின்னக் காந்தம் இருக்கும். பூனை தலையால் முட்டினால் காந்தம் விடும், மடல் திறக்கும். பூனை தாண்டியதும் மடல் தன் எடையால் திரும்பி வந்து காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானவற்றில் ஒரு பூட்டும் உண்டு. அதைத் திருப்பி நான்கு விதமாக வைக்கலாம்: போகவும் வரவும், போக மட்டும், வர மட்டும், இரண்டும் கூடாது. ஆன்லைனில் ‘கேட் ஃபிளாப்’ அல்லது ‘பெட் டோர்’ என்று தேடினால் கிடைக்கும். சிறிய நாய்களுக்கானதும் இதே பெயரில் விற்பதால் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

பூனைக்காகக் கதவை வெட்டுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தில், வானியல் கடிகாரத்துக்குக் கீழே உள்ள மரக்கதவில் வட்டமான ஓர் ஓட்டையை இன்றும் பார்க்கலாம். 1598இல், ஆயர் வில்லியம் காட்டன் காலத்தில், தச்சருக்கு 8 பென்ஸ் கூலி கொடுத்து வெட்டிய ஓட்டை அது. கடிகாரப் பொறிக்குப் பூசிய விலங்குக் கொழுப்பைத் தின்ன எலிகள் வந்தன. எலிகளைப் பிடிக்கப் பூனை வேண்டியிருந்தது. பூனை போய்வர வழி வேண்டியிருந்தது. அதற்கும் முன்பே, 1305 முதல் 1467 வரையிலான பேராலயக் கணக்கில் பூனைக்கென்று மூன்று மாதத்துக்கு 13 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஊர்க் குளிருக்குக் கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும். அதனால் அங்கே இது தேவைப்பட்டது. நம் பழைய வீடுகளில் முற்றம் திறந்து கிடந்தது. கொல்லைக் கதவு விடிந்தால் திறக்கும், இருட்டினால்தான் சாத்தும். பூனைக்கு ஓட்டு மேல் நடந்து வர வழி இருந்தது. இப்போது நாமும் கதவைச் சாத்தி வாழப் பழகிவிட்டோம். ஏசி, கொசுவலைக் கதவு, அடுக்குமாடி என்று காரணங்கள் மாறியிருக்கின்றன. பூனைக்கு வாசல் தேவைப்படும் காலம் நமக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

கடைக்குப் போவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். மடலுக்கு அந்தப் பக்கம் பூனை கால் வைக்கப்போகும் இடம் எது? எந்த மாடல், என்ன விலை என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பிரிட்டனில் பூனையைத் தோட்டத்துக்கும் தெருவுக்கும் அவிழ்த்துவிடுவது சாதாரண வழக்கம். பூனை வாசலை அதற்கென்றே வைக்கிறார்கள். நம் ஊர்த் தெருவுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது என்பது என் உறுதியான கருத்து. தெருவில் நாய்க்கூட்டம் இருக்கிறது. இருசக்கர வண்டிகள் சந்துக்குள்ளும் வேகமாக வருகின்றன. கருத்தடை செய்யாத கடுவன்கள் எல்லைச் சண்டை போட்டுக் காதைக் கிழிக்கும். அந்தக் கடிகள் சீழ் பிடிக்கும். பக்கத்து வீட்டில் எலிக்கு வைத்த விஷம் எலியின் வயிற்றின் வழியாகப் பூனைக்கு வந்து சேரும். ரேபிஸ் இருக்கிறது. குட்டிகளைக் கூட்டத்தோடு கொண்டுபோகும் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் இருக்கிறது. தெருவைப் பார்த்து மடல் வைத்தால் இத்தனைக்கும் சேர்த்துத்தான் வாசல் திறக்கிறோம். பூனை வேட்டையாடுகிற பறவைகளும் அணில்களும் வேறு இருக்கின்றன. அவற்றுக்காகவும் யோசிக்கத்தான் வேண்டும்.

ஆகவே வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு, அல்லது கம்பியோ வலையோ அடைத்த இடத்துக்கு வாசல் வையுங்கள். படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வைத்தால் ஏசி அறைப் பிரச்சினை தீர்ந்தது. மலத்தட்டு குளியலறையில் இருந்தால் குளியலறைக் கதவில் வைக்கலாம். அதற்கு மடல்கூட வேண்டாம், விளிம்பு வைத்த வெறும் ஓட்டை போதும். சமையலறையிலிருந்து வாஷிங் மெஷின் வைக்கிற பால்கனிக்கு வைத்தால் இன்னும் நல்லது. மலத்தட்டு வெளியே போய்விடும், நாற்றமும் போய்விடும். பூனைக்கு வெயிலும் காற்றும் வேடிக்கை பார்க்கக் காக்கையும் கிடைக்கும். தனி வீட்டில் முன்பக்கம் கம்பிக் கதவு போட்ட வராந்தா இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கம்பிகளின் இடைவெளியை மட்டும் வலை போட்டு அடைத்துவிடுங்கள்.

பால்கனிக்கு வாசல் வைப்பவர்கள் முதலில் பால்கனியை அடைக்க வேண்டும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கள் நிறைய. 1987இல் நியூயார்க்கில் இரண்டு கால்நடை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, ஐந்தே மாதங்களில் மாடிகளிலிருந்து விழுந்து ஒரே மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றியது. சிகிச்சை கிடைத்ததால் பத்தில் ஒன்பது பிழைத்தன என்பது உண்மை. நெஞ்சில் அடி, தாடை முறிவு, கால் முறிவு என்று அவை பட்ட பாடும் உண்மை. புறாவுக்காகக் கட்டும் நைலான் வலை பூனையின் எடையைத் தாங்குமா, பல்லுக்குத் தாங்குமா என்று பாருங்கள். மெல்லிய நூலாக இருந்தால் கடித்தே ஓட்டை போட்டுவிடும். ஸ்டீல் வலை பாதுகாப்பு.

காம்பவுண்டு உள்ள தனி வீட்டில் தோட்டத்துக்கு வாசல் வைத்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பகலில் மட்டும் திறந்து வையுங்கள். பொழுது சாய்ந்ததும் பூனையை உள்ளே அழைத்துப் பூட்டைப் போட்டுவிடுங்கள். மடலின் கீழே எப்போதும் கொஞ்சம் சந்து இருக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடுகிற பாம்பு, வீட்டுக்குள் வருகிற பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது பெரும்பாலும் அதுதான். காந்தம் வைத்த மடல் பாம்பைத் தடுக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பெருச்சாளி முட்டித் திறந்துகொண்டே வரும். போதாததற்கு, பூனையும் வேட்டையாடியதை உயிரோடு கவ்விக்கொண்டு வந்து நடு ஹாலில் விடும். ஓணானாக இருந்தால் விரட்டிவிடலாம். பாம்புக்குட்டியாக இருந்தால்?

அளவு எடுப்பது

பூனையைச் சமதரையில் நிற்க வையுங்கள். தட்டில் கொஞ்சம் சாப்பாடு வைத்தால் நிற்கும். தரையிலிருந்து அதன் வயிறு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்க வேண்டும். வளர்ந்த பூனைக்குப் பொதுவாக 10 முதல் 15 சென்டிமீட்டர் வரும். வாசலின் கீழ்விளிம்பு அந்த உயரத்திலோ, ஒரு விரல்கடை கீழேயோ இருக்கட்டும். அப்போதுதான் பூனை குனியாமலும் குதிக்காமலும் கால் தூக்கி வைத்துத் தாண்டும். அதற்கு மேலே போனால் தாவித்தான் நுழைய வேண்டும்; இளம் பூனை தாவிவிடும், மூட்டு தேய்ந்த வயதான பூனை வாசலையே விட்டுவிடும்.

அகலத்துக்கு உடம்பின் பருத்த இடத்தை அளந்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளம் விட்டால் போதும். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு பிணைக்கப்படாமல் தசைக்குள் மிதக்கிற எலும்பு. அதனால் தலை நுழைந்தால் தோள் நுழைந்துவிடும். வயிறு நுழையுமா என்பதுதான் கேள்வி. கருத்தடை செய்து வீட்டிலேயே இருக்கிற பூனைகள் எடை கூடும். இன்றைய உடம்புக்கு ஒட்ட அளவு எடுக்காதீர்கள். குட்டிக்கு வாங்குவதாக இருந்தால் வளர்ந்த பிறகு இருக்கப்போகும் அளவுக்கே வாங்கி, அதுவரை கீழே ஒரு பலகையைப் படியாகப் போட்டு வையுங்கள்.

இரண்டு பக்கத் தரையும் ஒரே மட்டமா என்று பார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் வீடுகளில் குளியலறைத் தரையும் பால்கனித் தரையும் தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதற்காக ஓரிரண்டு அங்குலம் தாழ்வாக இருக்கும். உள்பக்கம் சரியான உயரத்தில் இருக்கிற வாசல், திரும்பி வரும்போது பூனையின் நெஞ்சு உயரத்துக்குப் போய்விடும். தாழ்ந்த பக்கம் ஒரு செங்கல்லையோ மரக்கட்டையையோ படியாக வைத்தால் சரியாகும். அந்தக் கட்டை ஆடக்கூடாது. ஒருமுறை காலுக்கடியில் ஆடினால் அந்தப் பூனை மறுபடி அந்த வழியில் வருவது சந்தேகம்.

எந்தக் கதவு?

தலைவாசல் கதவை விட்டுவிடுவோம். தேக்கில் இழைத்து, வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்கிற கதவில் யாரும் ரம்பம் போடப்போவதில்லை. தெருவைப் பார்த்திருக்கிற கதவு என்பதால் போடவும் வேண்டாம். அடுக்குமாடிகளில் சில வீடுகளின் முன்கதவு தீ தாங்குகிற கதவாக இருக்கும். அதில் ஓட்டை போட்டால் அது தீயைத் தாங்காது.

உள்ளறைகளில் இப்போது அதிகம் இருப்பது ஃபிளஷ் டோர். இரண்டு பக்கமும் பிளைவுட், நடுவில் மரக்கட்டை நிரப்பியது. இது வெட்டுவதற்கு நல்ல கதவு. விலை குறைந்தவற்றில் நடுவே வெறும் சட்டமோ தேன்கூடு போன்ற அட்டையோதான் இருக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கதவு முழுக்க டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்டால் நிரப்பிய கதவு, டப் டப் என்று ஓசை விழுந்தால் கூடு. கூடாக இருந்தால் வெட்டிய ஓட்டையின் நான்கு பக்கமும் உள்ளே மர ரீப்பர் அடித்து ஒரு சட்டம் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் திருகாணியை முடுக்க முடுக்க இரண்டு பிளைவுட்டும் ஒன்றை நோக்கி ஒன்று குழியும்.

சட்டமும் பலகையுமாகச் செய்த பேனல் கதவில் கீழ்ப்பலகைக்குள் அடங்குகிற மாதிரி வெட்டுங்கள். கதவைத் தாங்குவது சட்டம், அதைத் தொடக்கூடாது. குளியலறையின் பிவிசி கதவு வெட்டுவதற்கு மிக எளிது, உள்ளே வெற்றறைகள் என்பதால் அங்கேயும் விளிம்பை அடைக்க வேண்டும்.

கண்ணாடிக் கதவு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பால்கனிக் கதவுகளில் போடுவது பெரும்பாலும் டஃப்பன்டு கண்ணாடி. அதைப் பதப்படுத்திய பிறகு வெட்டவே முடியாது. துளை போட முயன்றால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக உதிரும். வேண்டுமானால் ஓட்டையோடு சேர்த்துப் புதுக் கண்ணாடி செய்யச் சொல்ல வேண்டும். வெட்டிவிட்டுப் பிறகு பதப்படுத்துவார்கள். தள்ளு கதவாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. மடல் பொருத்திய குறுகலான தனிப்பலகையை அதே தண்டவாளத்தில் நிறுத்திவிட்டு, கதவை அதுவரை இழுத்து மூடலாம். எதையும் வெட்ட வேண்டியதில்லை, வீடு மாறும்போது எடுத்துக்கொண்டும் போகலாம்.

கொசுவலைக் கதவு என் விருப்பத் தேர்வு. அலுமினியச் சட்டத்தில் வலை. அதன் கீழ்மூலையில் வலைக்கென்றே வரும் மெல்லிய மடலைப் பொருத்தி, மடலின் சட்டத்துக்குள் இருக்கும் வலையை வெட்டினால் வேலை முடிந்தது. ஃபைபர் வலையாக இருந்தால் கீழ்ப்பாதியை மட்டுமாவது ஸ்டீல் வலையாக மாற்றிவிடுங்கள். ஃபைபரில் பூனை ஏறும், ஏறினால் கிழியும். மடல் முழுதாக மூடுகிறதா என்பதை இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. பகலெல்லாம் ஒரு விரல் சந்து திறந்து கிடந்தால் வலை போட்டதற்கு அர்த்தமில்லை.

சுவரில் வைப்பதும் உண்டு. நான்கரை அங்குலச் சுவரில் வைக்கலாம். ஒன்பது அங்குலச் சுவரென்றால் நடுவே சுரங்கம் போல ஒரு நீட்டிப்பு வேண்டும். மின்குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் சுவரை உடைக்காதீர்கள். கான்கிரீட் தூணையும் சுவரையும் தொடவே வேண்டாம். ஓட்டையின் அடிப்பக்கம் வெளியே பார்த்துச் சற்றுச் சாய்வாக இருந்தால் மழைத்தண்ணீர் வடிந்துவிடும்.

வெட்டும் நாள்

கார்பென்ட்டர் வந்தால் அரைநாள் வேலைதான். ஆனாலும் கூட நின்று பாருங்கள். பூனையைப் பற்றி அவரைவிட உங்களுக்குத் தெரியும்.

முதலில் கதவை முழுக்கத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். மடலின் சட்டம் கதவுக்கு வெளியே ஓரிரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். கதவு சுவரோடு ஒட்டித் திறக்கிற வீட்டில் அது சுவரில் இடிக்கும். பக்கத்தில் பீரோ இருந்தால் பீரோவில் இடிக்கும். மரக்கதவும் வலைக்கதவும் இரட்டையாக இருந்தால் இரண்டிலும் ஒரே நேர்கோட்டில் வாசல் வேண்டும், இரண்டு மடலும் ஒன்றில் ஒன்று மோதாமல் ஆட இடமும் வேண்டும்.

அடுத்து தாழ்ப்பாள். நம் கதவுகளில் கீழேயும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். வாசலுக்குள் கையை விட்டால் அதை எளிதாக எட்டிவிடலாம். நீளக் கையாக இருந்தால் நடுத் தாழ்ப்பாளைக்கூட எட்டலாம். வெளியே போகிற பின்கதவாக இருந்தால் தாழ்ப்பாள் இல்லாத பக்கமாக, கீல் இருக்கும் பக்கம் ஒதுக்கி வாசலை வையுங்கள். வைத்த பிறகு வெளியே நின்று, நீங்களே கையை விட்டுப் பாருங்கள். கீழ்த் தாழ்ப்பாள் எட்டினால் அதைக் கழற்றி மேலே மாற்றிவிடுங்கள். சாவியைக் கதவிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தையும் அன்றோடு நிறுத்த வேண்டும்.

பெட்டியோடு ஒரு காகித வார்ப்பு வரும். அதைக் கதவில் ஒட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுக் கோடு போட வேண்டும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேலேயே மறுபடி கோடு போட்டால் மைக்கா பெயராது. நான்கு மூலையிலும் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் துளை போட்டுக்கொண்டு, ஒரு துளையில் ஜிக்சாவின் பிளேடை இறக்கி அடுத்த துளைவரை வெட்டிப் போவார்கள். ஜிக்சா பிளேடின் பல் மேல்நோக்கி இழுத்து வெட்டும். சிலாம்பு கிளம்புவது மெஷின் இருக்கிற பக்கம்தான். கதவைக் கழற்றிக் கிடத்தி வெட்டுவதாக இருந்தால் கண்ணில் படுகிற பக்கத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கதவைக் கழற்றுவது கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் கோடு பிசகாது.

வெட்டியதும் உடனே மடலை மாட்டிவிடத் தோன்றும். அதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெட்டிய விளிம்பில் பச்சை மரம் தெரியும். ஈரத்தை உறிஞ்சுவதும் கரையானுக்கு இடம் கொடுப்பதும் அதுதான். உப்புத்தாள் தேய்த்து, பிரைமரோ வார்னிஷோ இரண்டு கை பூசி, காய்ந்த பிறகு மாட்டுங்கள். வெளிப்பக்கக் கதவென்றால் சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே சிலிகான் வைத்து அடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கிற திசையில், சன்ஷேடு இல்லாத கதவில் வாசல் வைத்தால் சிலிகானும் காப்பாற்றாது.

திருகாணியைச் சட்டம் ஆடாத அளவுக்கு முடுக்கினால் போதும். மேலும் இறுக்கினால் பிளாஸ்டிக் வளையும், மடல் ஒரு பக்கம் உரசும். விரல் நுனியால் தள்ளிப் பாருங்கள். உரசாமல் ஆடி, நேர் நடுவில் வந்து நின்றால் சரி.

சிப் பார்த்துத் திறக்கும் மடல்

வெளியே திறக்கிற வாசல் வைத்தவர்களுக்கு வருகிற முதல் புகார், தெருப் பூனைகள் உள்ளே வந்து சாப்பாட்டைக் காலி செய்கின்றன என்பது. முன்பு இதற்குக் கழுத்துப்பட்டையில் காந்தம் கட்டினார்கள். பட்டை கிளையில் மாட்டும். இழுத்தால் கழலாத பட்டையாக இருந்தால் கழுத்தை நெரிக்கும். அக்கம்பக்கத்துப் பூனைகள் தன் வீட்டுக்குள் வருவதைத் தடுக்க கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் நிக் ஹில் உருவாக்கியதுதான் ‘ஷ்யூர்ஃபிளாப்’. பூனையின் தோலுக்கடியில் இருக்கிற மைக்ரோசிப்பையே சாவியாக்கிய மடல் அது. இப்போது இதைப் பல நிறுவனங்கள் செய்கின்றன.

சிப் அரிசி மணி அளவுதான். ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். அதில் பேட்டரி கிடையாது. பூனை தலையை வாசலுக்குள் நீட்டும்போது சட்டத்தில் உள்ள கம்பிச்சுருள் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. அந்த அலையிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. எண் பதிந்து வைத்ததோடு பொருந்தினால் தாழ் விலகும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் 20 வாரத்துக்கு மேற்பட்ட எல்லா வளர்ப்புப் பூனைகளுக்கும் சிப் கட்டாயம். அதனால் அங்கே இந்த மடலுக்குத் தனியாக எந்த ஏற்பாடும் தேவைப்படுவதில்லை. இங்கே கால்நடை மருத்துவரிடம் போட்டுக்கொள்ள வேண்டும். தொலைந்த பூனையைக் கண்டுபிடிக்கவும் அது உதவும் என்பதால் மடல் இல்லாவிட்டாலும் போடலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: சிப்பை உள்ளே வரும்போது மட்டும் பார்க்கிறதா, வெளியே போகும்போதும் பார்க்கிறதா? விலை குறைந்தவை வரும்போது மட்டும்தான் பார்க்கும். உள்ளே இருக்கிற எந்தப் பூனையும் வெளியே போய்விடலாம். வீட்டில் இரண்டு பூனை இருந்து, ஒன்றை மட்டும் வெளியே விடுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் பார்க்கிற மாடல் வேண்டும். இரும்புக் கதவில் பொருத்தினால் இரும்பு அந்த அலையைக் குலைக்கும், சிப் படிக்காது. இடையில் வைக்கத் தனி அடாப்டர் விற்கிறார்கள். வீட்டுக்குள் அறைக்கு அறை வைக்கும் வாசலுக்கு இவ்வளவு செலவு தேவையே இல்லை. ஓரிரண்டாயிரம் ரூபாய்ச் சாதாரண மடல் தாராளம்.

பூனைக்குச் சொல்லிக்கொடுப்பது

மாட்டி முடித்த அன்றே பூனையைத் தூக்கி மடல் வழியாகத் தள்ளுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தலையில் பிளாஸ்டிக் இடிக்க, பின்னால் கை தள்ள, பயந்துபோய் வெளியே விழுந்த பூனைக்கு அந்த வாசல் ஒரு பொறி. அந்தப் பயத்தைப் போக்குவது முதலிலிருந்து பழக்குவதைவிடப் பல மடங்கு கடினம்.

முதலில் மடலை மேலே தூக்கி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நன்றாக ஒட்ட வேண்டும். பூனை நடுவில் இருக்கும்போது விழுந்துவிடக் கூடாது. இப்போது அது வெறும் ஓட்டை. பூனை வரும், சட்டத்தை மோப்பம் பிடிக்கும், கன்னத்தை விளிம்பில் தேய்க்கும். தேய்ப்பது நல்ல அறிகுறி. தன் வாடையைப் பூசி அந்த இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. பேசாமல் விட்டுவிடுங்கள். பிறகு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, வறுத்த நெத்திலிக் கருவாட்டில் ஒரு துண்டை வாசலுக்கு எதிரே வைத்து, வழக்கமாகக் கூப்பிடும் குரலில் கூப்பிடட்டும். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு கூப்பிட்டால் பசியும் சேர்ந்து உதவும்.

திறந்த ஓட்டையில் தயங்காமல் போய்வரத் தொடங்கிய பிறகு மடலைப் பாதி இறக்கி ஒட்டுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டுப் பூனை தொங்குகிற மடலைத் தலையால் முட்டவில்லை. உட்கார்ந்து, ஒரு முன்னங்காலை நீட்டி, கீழ்விளிம்பில் நகத்தை மாட்டித் தன் பக்கம் இழுத்தது. மடல் நகத்திலிருந்து விடுபட்டுப் போய் ஆடி நின்றது. மறுபடி இழுத்தது. சந்து திறந்த அந்தக் கணத்தில் மூக்கை நுழைத்து, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, உடம்பை நீட்டி வழுக்கிக்கொண்டே போய்விட்டது. வால் நுனியில் மடல் தட்டியதும் திரும்பி ஒரு முறை முறைத்தது. அவ்வளவுதான். எந்த வழியில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யட்டும்.

கடைசியில் டேப்பை எடுத்துவிட்டு மடலை முழுக்க விடுங்கள். காந்தம் வலுவாக இருந்து பூனை தள்ளத் திணறினால் கொஞ்ச நாள் காந்தத்தைக் கழற்றி வைக்கலாம், அல்லது அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி இழுவிசையைக் குறைக்கலாம். மடல் மூடும்போது வரும் ‘டக்’ ஓசைதான் சில பூனைகளுக்குப் பயம். விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினால் ஓசை அடங்கும். சிப் மடலில் தாழ் விலகும் ஓசையையும் பழக்க வேண்டும். பூனை தூரத்தில் இருக்கும்போதே அதை இரண்டு மூன்று முறை இயக்கிக் காட்டுங்கள். புகைநிற மடலைவிட அந்தப் பக்கம் தெரிகிற தெளிவான மடலுக்குப் பூனைகள் சீக்கிரம் பழகும். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் தலையை நீட்ட எந்தப் பூனைக்கும் மனம் வராது.

இரண்டு பூனை உள்ள வீட்டில் ஒன்று வாசலருகே படுத்துக்கொண்டு மற்றதை மறிக்கும். அதட்டிப் பயனில்லை. மலத்தட்டுக்குப் போக அது ஒன்றே வழியாக இருந்தால் மறிக்கப்பட்ட பூனை சோபாவுக்குப் பின்னால் போகத் தொடங்கும். வாசலுக்கு இந்தப் பக்கமும் ஒரு தட்டு வைத்துவிடுங்கள்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், குழந்தை விழித்திருக்கும் நேரம் மடலைப் பூட்டி வைப்பது நல்லது. கையை விட்டு மடலை ஆட்டுவது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. அந்தப் பக்கம் மலத்தட்டு இருந்தால் விளையாட்டு அங்கே போய் முடியும்.

பராமரிப்பு கொஞ்சம்தான். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் மடலைத் துடைத்து, கீலில் சுற்றிய முடியை எடுத்துவிடுங்கள். காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் மடல் சரியாக மூடாது. டேப்பை ஒட்டி உரித்தால் தூள் அதோடு வந்துவிடும். சிப் மடலில் பேட்டரி குறைந்தால் சின்ன விளக்கு மினுக்கும், அதைப் பார்த்ததும் மாற்றிவிட வேண்டும். பேட்டரி தீர்ந்து பூனை வெளியே நின்றால் மறுபடி கதவைச் சுரண்டத்தான் செய்யும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ரம்பம் எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கேட்கும்போதே வழியையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பேனல் கதவென்றால் கீழ்ப்பலகையை மட்டும் கழற்றி, அதே அளவில் பிளைவுட் போட்டு அதில் வாசலை வெட்டலாம். பழைய பலகையைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டு வைத்தால் காலி செய்யும் நாளில் அதையே திரும்ப மாட்டிவிடலாம். குளியலறை பிவிசி கதவென்றால் விலை குறைந்த புதுக்கதவு ஒன்றை வாங்கி அதில் வெட்டி மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரரின் கதவைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம். கழற்றிய கீலையும் திருகாணிகளையும் ஒரு கவரில் போட்டு அந்தக் கதவிலேயே ஒட்டி வையுங்கள்.